பழைய டிரான்ஸ்மிட்டரைத் தூக்கி எறியச் சொல்பவர்களுக்கு...

ரிமோட் விமானம் பறக்கவிடுபவர்கள் கூடும் மைதானங்களில் அடிக்கடி நடக்கும் காட்சி இது. ஒருவர் பையைத் திறந்து பழைய டிரான்ஸ்மிட்டரை எடுப்பார். ஒரு மீட்டருக்கு ஆன்டெனாவை இழுத்து நீட்டுவார். பக்கத்தில் நிற்பவருக்குச் சிரிப்பு தாங்காது. "இன்னுமா சார் இதை வச்சிருக்கீங்க? பேசாம பழைய இரும்புக் கடைல போட்டுட்டு புதுசா ஒண்ணு வாங்குங்க!"

நல்ல எண்ணத்தில் சொல்லும் அறிவுரைதான். ஆனால் அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, யோசிக்காமல் பர்ஸைத் திறக்க வைக்கும் பேச்சு.

முதலில் உண்மையான பாதி. பழைய அலைவரிசையின் காலம் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் விமானங்களுக்கு 72 மெகாஹெர்ட்ஸில் 50 சேனல்கள். ஐரோப்பாவில் 35 மெகாஹெர்ட்ஸ். எந்தச் சேனல் என்பதை உள்ளே செருகும் ஒரு சின்ன கிரிஸ்டல் முடிவு செய்யும். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பறக்க முடியும். அதனால்தான் மைதானத்தில் ஒரு பலகை வைத்து, தன் சேனலுக்கான கிளிப்பை எடுத்தவர் மட்டுமே ஸ்விட்சைத் தொடலாம் என்று விதி வைத்தார்கள். யாரோ ஒருவர் மறந்துபோய் அதே சேனலில் ஆன் செய்தால் போதும், மேலே பறப்பவரின் விமானம் தரையில். ஓட்டியவர் மேல் ஒரு தவறும் கிடையாது. ஆனால் இரண்டு கிலோ எடை, சுழலும் புரொப்பல்லரோடு எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. அது தலையில் விழுந்தால் பொம்மை விழுந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்தத் தலைவலியைத் தீர்த்தது 2.4 கிகாஹெர்ட்ஸ். 2005-ல் சிறிய விமானங்களுக்காக ஸ்பெக்ட்ரம் கம்பெனியின் டிஎக்ஸ்6 வந்தது, 2006-ல் டிஎக்ஸ்7. கொஞ்ச நாளில் ஃபுட்டாபாவும் தன் ஃபாஸ்ட் முறையோடு களத்தில் இறங்கியது. ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் தனி அடையாள எண். ரிசீவர் ஒருமுறை 'பைண்ட்' ஆகிவிட்டால் அந்த எண்ணைத் தவிர வேறு குரலுக்குத் திரும்பாது. இந்தியாவிலும் 2005-ல் இந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்துவிட்டார்கள். சக்தி வரம்புக்குள், வகை ஒப்புதல் பெற்ற கருவியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக, மாற வேண்டும் என்பதில் சண்டையே இல்லை.

சண்டை எங்கே என்றால், எதை மாற்ற வேண்டும் என்பதில்தான்.

ஒரு டிரான்ஸ்மிட்டருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. குச்சியை விரல் எவ்வளவு தள்ளியது என்று அளந்து, எல்லாச் சேனல்களையும் வரிசையாகக் கோத்து ஒரு சிக்னலாக்குவது முதல் வேலை. அதன் பெயர் பிபிஎம். ஒவ்வொரு சேனலுக்கும் ஏறக்குறைய 1 முதல் 2 மில்லி செகண்ட், நடுவில் இருந்தால் 1.5. அந்தச் சிக்னலைக் காற்றில் அனுப்புவது இரண்டாவது வேலை. அலைவரிசை எது என்ற கவலை இந்த இரண்டாவது பகுதிக்கு மட்டும்தான். குச்சிக்கும் ஸ்விட்சுக்கும் திரைக்கும் 72 என்றாலும் 2.4 என்றாலும் ஒன்றுதான்!

ஃபுட்டாபா 9சி போன்ற செட்களின் முதுகைப் பார்த்தாலே இது புரியும். ஒலிபரப்பும் பகுதி தனி மாட்யூலாக இருக்கிறது. பழையதை உருவிவிட்டு 2.4 மாட்யூலைச் செருக வேண்டியதுதான். அந்த வசதி இல்லாத செட்களில் பாசிட்டிவ், கிரவுண்ட், பிபிஎம் என்று மூன்று ஒயர்கள். பல கம்பெனி ரிசீவர்களோடு பேசும், நான்கு ரேடியோ சிப்கள் கொண்ட மாட்யூல்கள்கூட இன்று கிடைக்கின்றன. ஒரு மீட்டர் ஆன்டெனா இருந்த இடத்தில் விரல் நீளக் கம்பி.

"ரிசீவரும் மாத்தணுமே, அந்தச் செலவு?" என்று உடனே ஒரு கேள்வி வரும். காமர்ஸ் முதல் வருடப் பாடம் இங்கே உதவும். புது டிரான்ஸ்மிட்டர் வாங்கினாலும் ரிசீவர் மாற்றித்தான் ஆக வேண்டும். இரண்டு வழியிலும் வரும் செலவை ஒரு வழியின் கணக்கில் மட்டும் எழுதுவது கணக்கே இல்லை. ஒப்பிட வேண்டியது மாட்யூல் விலையையும் புது செட் விலையையும் மட்டுமே.

இன்னொரு வேடிக்கை. பழைய பிபிஎம் காலத்தில் அலைவரிசையும் ஷிஃப்டும் பொருந்தினால் ஒரு கம்பெனி ரிசீவரை இன்னொரு கம்பெனி டிரான்ஸ்மிட்டரோடு ஓட்டலாம். 2.4 வந்ததும் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி மொழி பேச ஆரம்பித்தது. ஒரு செட் வாங்கினால் அதன் ரிசீவர்களையே ஆயுசுக்கும் வாங்க வேண்டும். 'புதுசு வாங்கு' என்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

பழைய செட்டில் குறையே இல்லையா? இருக்கிறது. பிபிஎம் ஒரு சுற்று முடிய 20 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். கிளைடருக்கும் சாதாரண விமானத்துக்கும் அது தெரியாது. ரேஸ் டிரோனுக்கும் தலைகீழாகச் சுழலும் ஹெலிகாப்டருக்கும் தெரியும். அவர்கள் புதுசு வாங்கட்டும், நியாயம். டெலிமெட்ரி விவரங்களைப் பழைய திரை காட்டாது. குச்சிக்கு அடியில் உள்ள பொட்டன்ஷியோமீட்டர் தேய்ந்து சர்வோ தானாக ஆடுகிறது என்றால் மாட்யூல் காப்பாற்றாது.

அதேபோல, யூட்யூபில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு சால்டரிங் அயர்னைத் தூக்குபவர்களுக்கும் ஒரு குட்டு தேவை. செட் பிசிஎம்மில் இருந்தால் பிபிஎம்முக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மாட்யூலுக்கு ஒன்றும் விளங்காது. எட்டு செல் பழைய பேட்டரியின் வோல்டேஜை மாட்யூல் தாங்குமா என்று பார்க்க வேண்டும். சிக்னல் அறுந்தால் த்ராட்டில் இறங்கும்படி ஃபெயில்சேஃப் வைக்க வேண்டும். கார்பன் ஃபைபரும் மனித உடம்பும் 2.4-ஐ மறைக்கும் என்பதால் ரிசீவரின் இரண்டு ஆன்டெனாக்களையும் செங்குத்துக் கோணத்தில் வைக்க வேண்டும். சக்தியைக் குறைத்து, முப்பது தப்படி நடந்து ரேஞ்ச் பார்த்த பிறகே பறக்க வேண்டும். இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர் கையில் புது செட் இருந்தாலும் ஆபத்துதான்.

பல வருடம் ஒரே குச்சியில் பழகிய விரலுக்கு அதன் கனமும் ஸ்பிரிங்கும் தெரியும். அந்தப் பழக்கத்தை எந்தக் கடையிலும் விற்பதில்லை. அலைவரிசை பழசானதற்காக முழு செட்டையும் எறிவது, பல்பு ஃபியூஸ் போனதற்காக வீட்டையே மாற்றுவது போல. மைதானத்தில் அடுத்த முறை யாராவது 'இன்னுமா இது?' என்று சிரித்தால், செட்டைத் திருப்பி முதுகைக் காட்டினால் போதும்.