பாஸ்வேர்டு 'லூவ்ர்'... ஆனா திருடர்களுக்கு அது தேவையே படல! அலாரம் அடித்தும் பாரிஸில் நகைகள் பறிபோனது எப்படி?

மோனாலிசா இருக்கிற லூவ்ர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பு கேமரா சர்வருக்கு ஒரு காலத்தில் என்ன பாஸ்வேர்டு தெரியுமா? 'லூவ்ர்'. அவ்வளவுதான். 2025 நவம்பரில் இந்தத் தகவல் வெளியானதும் மீம் போடுறவங்களுக்குக் கொண்டாட்டம். "எங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்டே இதைவிட ஸ்ட்ராங்" என்று ஆளாளுக்கு ஷேர் செய்தார்கள்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் ஒரு சின்னத் திருத்தம். அக்டோபர் 19-ஆம் தேதி உள்ளே புகுந்த திருடர்கள் எந்த பாஸ்வேர்டையும் போடவில்லை. எந்த கம்ப்யூட்டரையும் ஹேக் செய்யவில்லை. அதைவிட முக்கியமா, அலாரம் அடிச்சது. நல்லாவே அடிச்சது. அப்புறம் எப்படி 88 மில்லியன் யூரோ, அதாவது சுமார் 900 கோடி ரூபாய் மதிப்புள்ள அரச நகைகள் போச்சு?

அந்த எட்டு நிமிடம்

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை 9 மணிக்கு அருங்காட்சியகம் திறந்தது. ஒன்பதரை மணிவாக்கில் சேன் நதிப் பக்கம் ஒரு லாரி வந்து நின்றது. அதில் சாமான் ஏற்றுகிற லிஃப்ட் பொருத்தியிருந்தது. நம்ம ஊர்ல பீரோவைக் கயிறு கட்டி மாடிக்கு ஏத்துவோமே, அந்த வேலையைப் பாரிஸில் இந்த வண்டிதான் செய்யும். தெருவில் தினமும் பார்க்கிற வண்டி என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

அந்த லிஃப்டில் ஏறி முதல் மாடி பால்கனிக்குப் போன இருவர், கட்டர் மெஷினால் ஜன்னலை அறுத்து அப்போலோ கேலரிக்குள் நுழைந்தார்கள். அதே மெஷினைக் காட்டிக் காவலர்களை மிரட்டி, கண்ணாடிப் பெட்டிகளை அறுத்தார்கள். உள்ளே இருந்தது நான்கு நிமிடத்துக்கும் குறைவு. கீழே ஸ்கூட்டரோடு காத்திருந்த கூட்டாளிகளுடன் பறந்துவிட்டார்கள். வண்டி வந்து நின்றதிலிருந்து தப்பியது வரை மொத்தமே எட்டு நிமிடத்துக்குள்தான். எட்டு நகைகள் போயின. ஒன்பதாவதாக எடுத்த பேரரசி யூஜினியின் கிரீடம் மட்டும் தப்பும்போது வெளியே விழுந்து, சேதத்தோடு கிடைத்தது.

அலாரம் அடிச்சா திருடன் நிக்கணுமா?

ஜன்னலை உடைத்தபோதும் பெட்டிகளை உடைத்தபோதும் அலாரம் ஒலித்ததாக பிரான்ஸ் கலாசார அமைச்சகம் சொன்னது. அங்கிருந்த ஊழியர்களும் விதிப்படி நடந்தார்கள். முதலில் மக்களை வெளியேற்றினார்கள், போலீஸுக்குத் தகவல் கொடுத்தார்கள். நகையைவிட உயிர் முக்கியம் என்பதுதான் அங்கே விதி. அதில் தப்பு சொல்ல முடியாது.

விஷயம் இங்கதான் இருக்கு. அலாரம் திருடனைப் பிடிக்காது. யாரோ வர்றாங்கன்னு சொல்றது மட்டும்தான் அதோட வேலை. அந்தத் தகவல் போய்ச் சேர்ந்து, ஒரு மனிதன் திரையைப் பார்த்து, இன்னொரு மனிதன் ஓடி வருகிற வரைக்கும் கதவோ ஜன்னலோ கண்ணாடியோ தாக்குப்பிடிக்க வேண்டும். அறுக்க நான்கு நிமிடம், ஆள் வர ஆறு நிமிடம் என்றால், எத்தனை கோடி ரூபாய் சிஸ்டம் போட்டாலும் ஜெயிப்பது திருடன்தான்.

லூவ்ரில் முதலில் கோட்டை விட்டது கண். அந்தப் பக்கத்து வெளிப்புற கேமரா மேற்கு நோக்கித் திரும்பியிருந்தது, பால்கனி அதில் தெரியாது என்று அப்போதைய அருங்காட்சியகத் தலைவர் லாரன்ஸ் தே கார் செனட்டில் ஒப்புக்கொண்டார். டிசம்பரில் அரசு விசாரணைக் குழு சொன்னதுதான் இன்னும் கொடுமை. திருடர்கள் வந்தது ஒரு வெளிப்புற கேமராவில் பதிவாகியிருக்கிறது. ஆனால் எல்லா கேமராக்களையும் நேரலையில் பார்க்கிற அளவுக்குக் கட்டுப்பாட்டு அறையில் திரைகள் இல்லை. அந்தக் காட்சியைத் திறந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வெறும் 30 விநாடி முன்னதாகச் சுதாரித்திருந்தால் அவர்களைத் தடுத்திருக்கலாம் என்று விசாரணைக் குழுத் தலைவர் செனட்டில் சொன்னார்.

அப்போ பாஸ்வேர்டு கதை பொய்யா?

பொய் இல்லை. பழசு. 2014-ல் பிரான்ஸின் தேசிய சைபர் பாதுகாப்பு நிறுவனம் லூவ்ரில் நடத்திய சோதனையின் அறிக்கையை 'லிபராசியோன்' நாளிதழ் வெளியிட்டது. அதில்தான் இந்த பாஸ்வேர்டு இருந்தது. தேல்ஸ் நிறுவனம் தயாரித்த இன்னொரு மென்பொருளுக்கு பாஸ்வேர்டு, சொல்லவே வேண்டாம், 'தேல்ஸ்'.

மீம்களில் விட்டுப்போன பகுதி இதைவிடக் கவலைக்குரியது. பெரிய கட்டடங்களில் ஊழியர் அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கிறது இல்லையா? அட்டையைப் படிக்கிற கருவிக்கு யாரை விடலாம், விடக்கூடாது என்று தானாகத் தெரியாது. அந்தப் பட்டியல் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும். கேமராவும் அலாரமும் பெரும்பாலும் அதே நெட்வொர்க்கில்தான் வந்து சேரும். அந்த கம்ப்யூட்டரைப் பிடித்தவனுக்குப் பூட்டை உடைக்கிற வேலையே இல்லை. தன் பெயரைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு வாசல் வழியாகவே வரலாம்.

2014 சோதனையில் நிபுணர்கள் செய்து காட்டியது கிட்டத்தட்ட இதைத்தான். அலுவலகத்தின் சாதாரண கம்ப்யூட்டர்களில் இருந்து நுழைந்து, கேமரா அமைப்பு வரை போனார்கள். யாருடைய அட்டைக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதை மாற்றும் இடம் வரைக்கும் போனார்கள். சில கம்ப்யூட்டர்களில் அப்போதும் விண்டோஸ் 2000 ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2010-லேயே நிறுத்திவிட்டது.

இதெல்லாம் அங்க மட்டும்தான்னு நினைக்க வேண்டாம். குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் திருடப்பட்டு, பெண்களைப் பரிசோதிக்கும் வீடியோக்கள் இணையத்தில் விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. கேமரா வாங்கும்போது வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவது இப்படிப்பட்டவர்களுக்கு எவ்வளவு வசதி என்பதை அந்த வழக்கு காட்டியது.

தெரியாமல் நடந்ததா?

இல்லை என்பதுதான் பதில். 2014 அறிக்கைக்குப் பிறகு இன்னொரு பாதுகாப்பு ஆய்வும் நடந்தது. 2019-ல் ஒரு பிரபல நகை நிறுவனத்தின் நிபுணர்கள் வந்து பார்த்துவிட்டு, நதிப் பக்கத்து பால்கனி பலவீனமான இடம், நீளும் ஏணி இருந்தால் எளிதாக ஏறிவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். திருட்டு நடந்தது அதே பால்கனியில். அந்த அறிக்கையைத் தான் பார்த்ததே இல்லை என்றார் தே கார். அவர் பதவிக்கு வந்தது 2021-ல். தலைவர்கள் மாறினார்கள், கோப்பு கைமாறவில்லை.

பணம் இல்லையா என்றால், அதுவும் முழுக்க உண்மை இல்லை. நம்ம ஊர் சிஏஜி மாதிரியான அரசுத் தணிக்கை அமைப்பு நவம்பர் 6-ஆம் தேதி வெளியிட்ட அறிக்கை இதை நேரடியாகவே சொல்கிறது. புதிய கலைப்பொருள்கள் வாங்கவும் அரங்குகளை அழகாக்கவும் செலவழித்ததற்கு முன்னால், கட்டடப் பராமரிப்புக்குப் போனது சின்னத் தொகை. 2024-ல் 39 சதவீத அறைகளில்தான் கேமரா இருந்தது. இந்த வேகத்தில் போனால் பாதுகாப்பு மேம்பாட்டுப் பணிகள் 2032-க்கு முன் முடியாது என்றும் அது சொன்னது. திறப்பு விழாவில் புது ஓவியத்தைக் காட்டலாம். புது ஒயரிங்கை யாரிடம் காட்டுவது?

உள்ளே புகுந்ததாகவும் கீழே காத்திருந்ததாகவும் சந்தேகிக்கப்படும் நான்கு பேரும் நவம்பர் இறுதிக்குள் பிடிபட்டார்கள். நகைகளோடு அல்ல.

டிசம்பர் 23-ஆம் தேதி அந்த பால்கனி ஜன்னலுக்கு இரும்புக் கிரில் பொருத்தினார்கள். அதே இடத்தில் முன்பும் ஒரு கிரில் இருந்ததாம். 2000-களின் தொடக்கத்தில் கேலரியைப் புதுப்பித்தபோது கழற்றியிருக்கிறார்கள்.