மூடியைத் திறக்கும் உரிமை

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கையிலிருந்த காசோடு கடனும் வாங்கி, பழைய கேமரா ஒன்றை வாங்கித் தொழில் நடத்தி வந்தார். முகூர்த்த நாட்கள் நெருங்கும் சமயத்தில் அந்தக் கேமரா நின்றுவிட்டது. சர்வீஸ் செய்யும் இடத்துக்கு எடுத்துப் போனார். "போர்டு போய்விட்டது, இந்த மாடலுக்கு இனிமேல் பாகம் வராது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று இரண்டு நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடனில் பாதி இன்னும் அடையவில்லை. வாடகைக்குக் கேமரா எடுத்து அந்தப் பருவத்தை ஒப்பேற்றியதில் லாபம் முழுவதும் வாடகைக்கே போயிற்று.

"அண்ணாச்சி, காசு போனதுகூடப் பெரிசில்ல. மூடியத் திறந்து என்ன கோளாறுன்னு பார்க்கக்கூட விடமாட்டேங்கான். அப்ப அது யாரு கேமரா?" என்று அவர் கேட்டார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அல்ல. கைபேசி, மிக்ஸி, டிராக்டர் வரையில் இன்று எல்லாப் பொருளையும் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி இது. கேமரா விஷயத்தில் இந்தக் கேள்விக்குச் செயலிலேயே பதில் சொல்ல முயன்றவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நம்மவர்கள் தெரிந்துகொள்வது பயனுள்ளது.

திறந்த கேமரா

ஆஸ்திரியா நாட்டுத் தலைநகரான வியன்னாவை மையமாகக் கொண்டு "அபெர்டஸ்" என்ற அமைப்பு இயங்கி வருகிறது. 2006-ல் சில சினிமா ஆர்வலர்களும் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்களும் சேர்ந்து தொடங்கிய முயற்சி இது. அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது அமெரிக்காவில் யூட்டா மாநிலத்திலுள்ள "எல்பெல்" என்ற சிறு நிறுவனத்தின் கேமரா. ரஷ்யாவிலிருந்து குடியேறிய ஆந்த்ரே பிலிப்போவ் என்ற பௌதிக விஞ்ஞானி 2001-ல் அதைத் தொடங்கினார். தம் கேமராவின் உள்ளமைப்பையும் அதை இயக்கும் நிரல்களையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம் என்று அவர் வெளியிட்டுவிட்டார். அந்த ஒரு தாராள குணம்தான் பிறருக்கு வாசல் திறந்தது.

பிறகு சொந்தமாகவே "ஆக்ஸியம்" என்ற சினிமா கேமராவை வடிவமைக்கத் துணிந்தார்கள். 2014-ல் பொதுமக்களிடமே நிதி திரட்டினார்கள். ஒரு லட்சம் யூரோ கேட்டார்கள். அதற்கு மேலேயே சேர்ந்தது. பெல்ஜியத்தில் வடிவமைக்கப்பட்ட சி.எம்.வி.12000 என்ற ஒளி உணரிதான் அந்தக் கேமராவின் கண். அகலத்தில் 4096, உயரத்தில் 3072 புள்ளிகள் கொண்டது. பழைய 35 மி.மீ. சினிமாப் பிலிமின் சட்டத்துக்கு ஏறக்குறைய ஒத்த அளவு.

ஒரே கவுண்டர் போதாது

கண் மட்டும் இருந்தால் போதாது. அது பார்ப்பதை வாங்கிக்கொள்ளும் மூளை வேண்டும். சிரமம் அங்கேதான். கணக்கு மிக எளிது. 4096-க்கு 2160 புள்ளிகள் கொண்ட ஒரு படச் சட்டம். புள்ளி ஒன்றுக்கு 12 பிட். நொடிக்கு 24 சட்டம். பெருக்கிப் பார்த்தால் நொடிக்குச் சுமார் 318 மெகாபைட் வருகிறது. ஒரு நிமிடப் படத்துக்கு 19 ஜிகாபைட். இந்த வெள்ளத்தில் ஒரு துளிகூடச் சிந்தாமல் பிடிக்க வேண்டும்.

சாதாரணக் கம்ப்யூட்டர் சில்லு, கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றுவது. பண்டிகைக் கால ஸ்டேஷனில் இரண்டே டிக்கெட் கவுண்டர் திறந்து வைத்ததுபோல. எவ்வளவு வேகமான குமாஸ்தாவாக இருந்தாலும் கூட்டம் வாசல்வரை நிற்கும். இந்த வேலைக்கு நூற்றுக்கணக்கான கவுண்டர்கள் ஒரே சமயத்தில் திறக்க வேண்டும். அதற்கென்றே தனிச் சில்லு தயாரிப்பதானால் கோடிக்கணக்கில் செலவு. பெரிய நிறுவனங்களால் முடியும், தனிமனிதர்களால் ஆகாது.

இதற்கு வழி செய்ததுதான் எப்.பி.ஜி.ஏ. எனப்படும், விருப்பப்படி அமைத்துக்கொள்ளக்கூடிய சில்லு. ரயில்வே சிக்னல் ரிலே அறையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒரு யார்டுக்கு ஒரு வயரிங். யார்டில் ஒரு லைன் கூடினால் ரிலேக்களின் வயர்களைக் கழற்றி மாற்றிக் கட்டி, மறுபடி முழுவதும் சோதிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ரிலேக்களை நகத்தளவு சில்லில் அடக்கி, எந்த ரிலே எதோடு சேரவேண்டும் என்பதை எழுத்தாலேயே சொல்ல முடிந்தால் எப்படி இருக்கும்? அதுதான் இது. எழுதியதை மாற்றினால் அடுத்தமுறை மின்சாரம் வரும்போது சில்லு புது அமைப்பில் எழும். அமெரிக்காவின் சைலிங்க்ஸ் நிறுவனம் 1985-ல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த இவ்வகைச் சில்லில் 64 கட்டங்கள்தான் இருந்தன. ஆக்ஸியம் கேமராவில் உள்ள "ஜிங்க் 7020" சில்லில் ஏறத்தாழ 85,000 கட்டங்களும், கூடவே இரண்டு சாதாரணக் கம்ப்யூட்டர் மூளைகளும் உள்ளன.

ஒளி உணரிக்கு உண்மையில் நிறம் தெரியாது. ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதாவது ஒரு சிறு வடிகட்டி ஒட்டியிருக்கும். பாதிப் புள்ளிகள் பச்சை. கால் பங்கு சிவப்பு. கால் பங்கு நீலம். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்பவர் 1976-ல் காப்புரிமை பெற்ற முறை இது. பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து, இல்லாத நிறங்களைக் கணக்கிட்டு நிரப்பினால்தான் முழுப்படம் வரும். ஒரு தமிழ்ப் பெண்ணின் மாநிறம் திரையில் எப்படித் தெரியவேண்டும், குழல் விளக்கு வெளிச்சத்தில் எவ்வளவு பச்சை பூச வேண்டும் என்பதெல்லாம் கேமராவுக்குள் இந்தக் கணக்கில்தான் தீர்மானமாகிறது. மூடிய கேமராவில் அந்தத் தீர்மானம் யாரோ எங்கோ செய்தது. திறந்த கேமராவில் நாமே செய்யலாம்.

நம் ஊருக்குப் புதிதல்ல

இதெல்லாம் ஐரோப்பியர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. நாம் வாழும் இந்த மும்பை நகரத்தில், தாதரில், 1912-ல் ஒரு மனிதர் செய்ததும் இதுதான். தாதாசாகேப் பால்கே லண்டனுக்குப் போய் வில்லியம்சன் கேமராவும் துளை போடும் கருவியும் வாங்கி வந்தார். அப்போது பிலிமில் ஓரத் துளைகள் இருக்காது; வாங்கியவர்களே இருட்டறையில் உட்கார்ந்து போட்டுக்கொள்ள வேண்டும். அந்த வேலையை அவர் மனைவி சரஸ்வதிபாய் கற்றுக்கொண்டு செய்தார். பணம் கொடுப்பவரை நம்பவைக்க, ஒரு பட்டாணிச் செடி முளைத்து வளர்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படமெடுத்துக் காட்டினார். 1913 மே 3-ஆம் தேதி "ராஜா ஹரிச்சந்திரா" வெளியாயிற்று. சென்னையில் மோட்டார் உதிரி பாகம் விற்றுக்கொண்டிருந்த நடராஜ முதலியார், புனேயில் ஓர் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் தொழில் கற்று, "கீசகவதம்" எடுத்துத் தென்னாட்டுச் சினிமாவைத் தொடங்கி வைத்தார். இந்தியச் சினிமாவின் பிள்ளையார் சுழியே கருவியைத் தொட்டு, திறந்து, கற்றவர்களால் போடப்பட்டது.

நம் காலத்திலும் உதாரணம் உண்டு. 2008-ல் வெளியான "ஸ்லம்டாக் மில்லியனர்" படத்தில் தாராவிச் சந்துகளில் சிறுவர்கள் ஓடும் காட்சிகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். பெரிய கேமரா நுழையாத அந்தச் சந்துகளில், எஸ்.ஐ.-2கே என்ற சிறிய டிஜிட்டல் கேமராத் தலையைக் கையில் பிடித்து, படத்தைப் பதிவு செய்யும் மடிக்கணினியை முதுகுப்பையில் சுமந்து எடுத்தார்கள். 2009-ல் அதன் ஒளிப்பதிவாளர் ஆந்தனி டாட் மான்டில் ஆஸ்கர் பரிசு பெற்றார். பெரும்பகுதி டிஜிட்டலில் எடுக்கப்பட்ட படம் ஒன்று ஒளிப்பதிவுக்காக அந்தப் பரிசு பெற்றது அதுவே முதல் தடவை. ஆனால் நம் தெருவைக் காட்டியவை யாருடைய கண்கள், யாருடைய கருவி என்று யோசித்தால் மனம் சற்றுச் சுருங்கத்தான் செய்கிறது.

"இது எதற்கு?" என்பவர்களுக்கு

வயிற்றுப்பாட்டுக்கு ஊர்விட்டு ஊர் வந்தவனுக்குச் சினிமாக் கேமரா கட்டும் வேலை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. மறைக்காமல் சொல்ல வேண்டும்: காசு மிச்சம் பிடிக்கவேண்டும் என்பதற்காக யாரும் இதில் இறங்கக்கூடாது. பெரிய ஒளி உணரி ஒன்றின் விலையே சாமானியனின் கைக்கு எட்டாது. அதைச் சூடேறாமல் காக்க விசிறி வைத்தால், விசிறிச் சத்தம் வசனத்தில் கலந்துவிடும். வியன்னா நண்பர்களுக்கே சொன்ன நாளில் வேலை முடியவில்லை, ஆண்டுகள் நீண்டன. கல்யாண வீடியோவுக்குக் கேமரா வேண்டுமென்றால் கடையில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

அப்படியானால் பயன் என்ன? கற்றுக்கொள்வதுதான் பயன். அதுவும் வெறும் ஏட்டுப் படிப்பல்ல. ஒரு கேமராவைக் கட்ட முனைந்தால் எத்தனை தொழில் வந்து சேருகிறது பாருங்கள். லென்ஸ் பொருத்தும் வளையத்திலிருந்து உணரி வரையிலான தூரம், பழைய சினிமா லென்ஸ்களின் பி.எல். வளையத்துக்கு 52 மில்லிமீட்டர், கேனான் இ.எப். வளையத்துக்கு 44. இதில் மயிரிழை பிசகினாலும் படம் கூர்மை இழக்கும். அந்த நுட்பம் லேத் பட்டறைக்காரருடையது. போர்டில் ஈயம் பற்றவைத்துக் கோளாறு கண்டுபிடிப்பது கைபேசி ரிப்பேர்க்காரருடையது. சில்லுக்கு வயரிங்கை எழுதித் தருவது, வி.எச்.டி.எல். என்ற மொழியைக் கற்ற மாணவருடையது. இந்த மூன்று பேரும் நம் குடியிருப்புகளிலேயே இருக்கிறார்கள். ஒருவரையொருவர் தெரியாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான "சக்தி" என்ற கம்ப்யூட்டர் சில்லின் வடிவமைப்பைத் திறந்த முறையில் எல்லோருக்கும் வெளியிட்டிருக்கிறார்கள். 2018-ல் அது சில்லாகவே தயாராகி இயங்கியது. இந்த வடிவமைப்பை எப்.பி.ஜி.ஏ. போர்டில் ஏற்றி ஓட்டிப் பார்க்கலாம். ஆகவே கேமராவுக்காகக் கற்ற வித்தை கேமராவோடு நிற்பதில்லை. ரயில் சிக்னலுக்கும், மருத்துவக் கருவிக்கும், செயற்கைக்கோளுக்கும் அதே வித்தைதான்.

அரசும் நாமும்

பழுதுபார்க்கும் உரிமை பற்றி மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகிய நான்கு துறைகள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. நல்ல தொடக்கம். ஆனால் உழைத்துப் பிழைப்பவனின் தொழிற்கருவி எதுவானாலும், அதன் உதிரி பாகமும் உள்வரைபடமும் இத்தனை ஆண்டுகள் கிடைத்தே தீரவேண்டும் என்று சட்டமே சொன்னால்தான் அந்த 90 அடி சாலை இளைஞருக்கு விடிவு. இணையதளத்தில் தகவல் போடுவது நிறுவனங்களின் மனமுவந்த செயலாக இருந்தால் போதாது.

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி இருக்கவும் வேண்டாம். இந்நகரில் நமக்குச் சங்கங்கள் உண்டு, மன்றங்கள் உண்டு, நூல்நிலையங்கள் உண்டு. ஆண்டு விழாவுக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் பொன்னாடையும் வாங்கத் தயங்குவதில்லை. அந்தச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, நூல்நிலையத்தின் ஒரு மூலையில் ஒரு மேசை போடலாம். இரண்டு பற்றவைப்புக் கோல், ஒரு மீட்டர், பழகுவதற்கேற்ற எப்.பி.ஜி.ஏ. போர்டு ஒன்று. அத்தகைய போர்டுகள் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கின்றன. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோடில் நடந்தால் மற்றவை எல்லாம் உண்டு. சினிமா உணரி கைக்கெட்டாவிட்டால், 2020-ல் வந்த ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் 12.3 மெகாபிக்சல் கேமரா போர்டிலிருந்து தொடங்கலாம். அது சிறு கண்தான், ஆனால் லென்ஸைக் கழற்றி மாட்டலாம், பச்சைப் படத்தை அப்படியே எடுத்து ஆராயலாம். வாரத்தில் இரண்டு மாலை, நம் வீட்டு என்ஜினீயரிங் மாணவர்கள் வந்து சொல்லித் தரட்டும். லேத் பட்டறைக்காரர் அவர்களுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லித் தரட்டும்.

முதல் ஆண்டில் ஒரு கேமராவும் உருவாகாமல் போகலாம். பாதகமில்லை. பத்துப் பையன்கள் பயமில்லாமல் ஒரு மூடியைத் திறக்கப் பழகினால் அதுவே முதல் வெற்றி.

தாராவி இளைஞர் அந்த நின்றுபோன கேமராவை இன்னும் விற்கவில்லை. பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லையாம். துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார். அந்த மேசை போடப்படும் நாளில் முதலில் அதன் மேல் வைக்கப்படவேண்டியது அந்தக் கேமராதான். திருப்புளி அவர் கையிலேயே இருக்கட்டும்.