ஹோட்டல் சாஃப்ட்வேரை ஒரே தடவையா 35,000 ரூபாய்க்கு வித்துடாதீங்க!



போன வாரம் பொதட்டூர்பேட்டைக்காரத் தம்பி ஒருத்தர் மெயில் போட்டிருந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. கைக்கு வரும் சம்பளம் மாசம் 24,000. வார நாட்களில் அங்கேயே ரூம், ஞாயிறு மட்டும் ஊர். ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து ஃபுல் ஸ்டாக் படிச்சு, ஹோட்டல் மேனேஜ்மென்ட் வெப் அப்ளிகேஷன் ஒண்ணு பண்ணியிருக்கார். ரூம் புக்கிங், செக்-இன், பில், ரிப்போர்ட் எல்லாம் இருக்கு. திருத்தணியில் லாட்ஜ் வெச்சிருக்கிற ஒருத்தர் பார்த்துட்டு, "எல்லாம் சேர்த்து 35,000 தர்றேன்"னு சொல்லியிருக்கார்.

தம்பியோட கேள்வி ரெண்டு. "அண்ணா, வாங்கிக்கலாமா? வேலையை விட்டுட்டு இதையே முழுநேரமா பண்ணலாமா?"

என் பதில்: ரெண்டும் வேண்டாம். ஆனா சாஃப்ட்வேரை விட்டுடாதீங்க.

முதல்ல 35,000 கணக்கு. தினமும் 2 மணி நேரம், மாசம் 25 நாள், 4 மாசம். மொத்தம் 200 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 175 ரூபாய். பரவாயில்லையேன்னு தோணும். ஆனா வேலை அங்கே முடியலையே! 'எல்லாம் சேர்த்து'ங்கிற வார்த்தையிலதான் சிக்கல்.

உதாரணத்துக்கு ஜிஎஸ்டி. ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் வரைக்குமான ரூமுக்கு முன்னாடி வரி இல்லை. 2022 ஜூலை 18-ல் இருந்து 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22-ல் இருந்து, 7,500 ரூபாய் வரைக்குமான ரூமுக்கு 5 சதவீதம், உள்ளீட்டு வரி வரவு கிடையாது. கோடில் 12-ன்னு நேரடியா எழுதி வெச்சவங்க நிலைமையை யோசிங்க. ஓனர் போன் பண்ணுவார், நீங்க ஷிஃப்ட்ல இருப்பீங்க. பழைய பில் பழைய விகிதத்திலேயே இருக்கணும், புது பில் மாறணும். அதனால விகிதத்தை, அது அமலுக்கு வந்த தேதியோட டேட்டாபேஸில் வைங்க.

அடுத்து ஆடிக்கிருத்திகை, டிசம்பர் 31 படித் திருவிழா மாதிரி நாட்கள். ஒரே ரூமை கவுண்டர்ல ஒருத்தரும் ஆன்லைன்ல ஒருத்தரும் ஒரே நிமிஷத்துல புக் பண்ணா? ஸ்கிரீன்ல 'காலி'ன்னு காட்டறது போதாது. டேட்டாபேஸே ரெண்டாவது புக்கிங்கை மறுக்கணும். கோர்ஸ் ப்ராஜெக்டுக்கும் கடையில ஓடுற சாஃப்ட்வேருக்கும் வித்தியாசம் இதுதான். இந்தப் பொறுப்புக்கு வருஷா வருஷம் காசு வரணும்.

பொதட்டூர்பேட்டை நெசவு ஊர். கூலிக்கு நெய்யறதுக்கும் சொந்தத் தறிக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஊர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 35,000 வாங்கிட்டு கோடை மொத்தமா எழுதிக் கொடுத்தா அது கூலி. கோட் உங்ககிட்ட இருந்து மாசாமாசம் கட்டணம் வந்தா அது சொந்தத் தறி.

நான் சொல்ற விலை இது: ஆரம்பத்துல 10,000, அப்புறம் மாசம் 1,500. முதல் வருஷம் ஒரு லாட்ஜ்ல இருந்து 28,000 தான் வரும், குறைச்சல்தான். ஆனா ரெண்டாவது வருஷமும் 18,000 வரும். அஞ்சு லாட்ஜ் பிடிச்சா மாசக் கட்டணம் மட்டும் வருஷத்துக்கு 90,000. சர்வர், எஸ்எம்எஸ் செலவை அதுல கழிச்சுக்கோங்க. ஓனர் மாசக் கட்டணத்துக்கு ஒத்துக்கலைன்னா? இன்னொரு லாட்ஜைக் கேளுங்க. ஒருத்தரும் தரலைன்னா, அது தொழில் இல்லைன்னு வேலையை விடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சது லாபம்தானே!

இப்ப ஆடிட்டரா நாலு விஷயம்.

ஒண்ணு, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் படிங்க. வெளி வேலைக்கு அனுமதி வேணும்னு இருந்தா எழுத்துல வாங்குங்க. கம்பெனி லேப்டாப்பைத் தொடாதீங்க. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியா நீங்க எழுதின கோட், வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, முதலாளிக்குத்தான் சொந்தம்.

ரெண்டு, லாட்ஜோட ரெண்டு பக்க ஒப்பந்தம் போடுங்க. கோட் யாருக்குச் சொந்தம், கட்டணத்துல எந்த வேலை அடங்கும், எது அடங்காது, விருந்தினரோட அடையாள அட்டை விவரத்துக்கு யார் பொறுப்பு. இது மூணும் அதுல இருக்கணும்.

மூணு, வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரைக்கும் பொதுவா உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை.

நாலு, இது தொழில் வருமானம். ஐடிஆர்-1 போடக்கூடாது. வரவில் பாதியை லாபமாகக் காட்டும் அனுமான வரி முறையில ஐடிஆர்-4 போடலாம். இந்தச் சம்பளத்துக்கு வரி வராது. ஆனா ரெண்டு மூணு வருஷ ரிட்டர்ன்ல தெரியற தொழில் வருமானம், நாளைக்கு லோன் கேட்கும்போது உதவும். அதனால காசை பேங்க் மூலமாவே வாங்குங்க.

வேலையை எப்ப விடலாம்? செலவு போக வர்ற மாசக் கட்டணம், தொடர்ந்து ஒரு வருஷம் உங்க சம்பளத்தைத் தொட்டா யோசிக்கலாம். மாசம் 24,000-ன்னா குறைஞ்சது 16 லாட்ஜ், செலவையும் சேர்த்தா இன்னும் கூட. அதுவரைக்கும் பிஎஃபோட வர்ற சம்பளம்தான் உங்க முதலீட்டாளர். அவர் உங்ககிட்ட பங்கு கேட்கிறதே இல்லை!