விலை ஊருக்கு, வித்தை உடையவனுக்கு

ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்தவுடன் டெண்டர்ச் சட்டமும் மாறிவிடுகிறது: இப்பால் தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம், அப்பால் கர்நாடகத்தின் 1999-ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டுமே சர்க்கார் கொள்முதலில் ஒளிவுமறைவு கூடாது என்பதற்காகப் பிறந்தவை. அந்த நோக்கத்தை ஆட்சேபிக்க நியாயமில்லை. ஆனால் ஓசூர் சிட்கோ பேட்டையில் நாலைந்து சி.என்.சி. மெஷின்களை வைத்துக்கொண்டு சர்க்கார் ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் பட்டறைக்காரர், டெண்டரில் விலையை மட்டுமா தருகிறார்? ஒரு பிராக்கெட்டை எந்த ஃபிக்சரில் எப்படிப் பிடித்தால் இரண்டு செட்டிங் ஒன்றாகக் குறையும், எத்தனை விநாடியில் ஒரு பீஸ் இறங்கும், ஹீட் டிரீட்மெண்டுக்குக் கிலோவுக்கு என்ன கூலி, ஸ்கிராப்பில் எவ்வளவு திரும்பும் என்று, பல வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிக் கண்ட யுக்தி முழுவதையும், அதிகாரி கேட்டால் பிராசஸ் ஷீட்டாகவும் ரேட் பிரேக்-அப்பாகவும் எழுதி ஒப்படைத்துவிடுகிறார். அது, தகவல் கேட்கும் ஒரு மனு வழியாக, எல்லைக்கு அப்பால் ஜிகணியிலோ பொம்மசந்திராவிலோ உள்ள போட்டியாளர் கைக்குப் போனால், அடுத்த டெண்டரில் பைசாக் கணக்கில் தோற்பவர் இவர்தாம்.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. பிரஜைகளின் பணத்தில் வாங்கிய பொருளின் விலையைப் பிரஜைகள் அறியத்தான் வேண்டும். டெண்டர் முடிவான பிறகு அதன் தஸ்தாவேஜுகளை வர்த்தக ரகசியமென்று மறைக்கலாகாது என்று 2007-இல் ஜார்க்கண்ட் உயர்நீதிமன்றம் சொன்னதும் அந்த நியாயத்தை ஒட்டியதே. விலை வெளியாவது சிறியவர்களுக்கு அனுகூலமும்கூட. மத்திய சர்க்காரின் 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கைப்படி, எல்-1, அதாவது ஆகக் குறைந்த விலைக்கு மேல் 15 சதவீதத்துக்குள் கேட்ட சிறுதொழில்காரர் அந்த விலைக்கே இறங்கிவந்து ஆர்டரில் ஒரு பங்கைப் பெறலாமே.

விலை வேறு, வித்தை வேறு என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒருவாறு உணர்ந்துதான் இருக்கிறது. வெளியிட்டால் ஒருவருடைய போட்டி நிலைக்குப் பங்கம் வரக்கூடிய வர்த்தக ரகசியத்தை, பெரியதொரு பொதுநலன் வேண்டினாலன்றித் தர வேண்டியதில்லை என்கிறது 8(1)(டி) பிரிவு. 11-ஆம் பிரிவோ, மனு வந்த 5 நாளுக்குள் உரியவருக்கு நோட்டீஸ் அனுப்பி, அவர் ஆட்சேபம் சொல்ல 10 நாள் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் அந்த நோட்டீஸ், அவர் தாமே ரகசியமாகப் பாவித்து வந்த தகவலுக்குத்தான் உரியது. இங்கேதான் சிறியவர் சறுக்குகிறார். பெரிய கம்பெனியின் வக்கீல் அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை ‘ரகசியம்’ என்று முத்திரை குத்தி அனுப்புகிறார் (கம்பெனி விலாசத்துக்கும் அந்த மரியாதை கிடைப்பதுண்டு). பட்டறைக்காரரோ, கெடு முடியும் நேரத்தில் அவசரமாக ஸ்கேன் செய்து போர்ட்டலில் ஏற்றுவதோடு சரி.

ஓசூர், தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் 5 மையங்களில் ஒன்று. இனி இப்பேட்டைகளிலிருந்து சர்க்கார் மேஜைக்குப் போகும் டிராயிங்குகள் பெருகவே செய்யும். வர்த்தக ரகசியத்துக்கெனத் தனிச்சட்டம் வேண்டுமென்று 2024-இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது; அது வரும்போது வரட்டும். இரண்டு ராஜ்ய சர்க்கார்களும் இப்போதே டெண்டர்ப் படிவத்தில் ஒரு பக்கம் கூட்டி, எந்தத் தாள் ரகசியம், ஏன் ரகசியம் என்று காரணத்தோடு எழுதச் சொல்லலாம். காரணம் காட்டாத முத்திரை செல்லாது என்றும், விலையின் மேல் முத்திரையே விழாது என்றும் அதிலேயே விதித்துவிடலாம்.