வாங்கினோமா, வாடகைக்கு எடுத்தோமா?

பிறந்த வீட்டுச் சீராக வந்த தையல் யந்திரத்துக்கு யாராவது மாதா மாதம் பணம் கட்டுவார்களா? "இதென்ன கேள்வி!" என்று சிரிப்பீர்கள். உங்கள் வீட்டுப் பெண் கம்ப்யூட்டரில் படம் வரைகிறவளானால் அவளைக் கேட்டுப் பாருங்கள், சிரிக்க மாட்டாள்.

அமெரிக்காவின் அடோபி கம்பெனி 1990-ல் போட்டோஷாப் என்ற மென்பொருளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஒரு தடவை விலை கொடுத்தால் வருஷக் கணக்கில் உபயோகிக்கலாம். புதுப் பதிப்பு வந்தால், இஷ்டமிருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் பழையதே போதும். 2013 மே மாதத்தில் இந்த வழக்கம் மாறியது. இனிப் புதுப் பதிப்புகள் சந்தாவுக்குத்தான் என்று கம்பெனி அறிவித்துவிட்டது.

இதில் சௌகரியமே இல்லையா? உண்டு. ஒரேயடியாகப் பெருந்தொகை புரட்ட வேண்டாம். புது வசதிகளும் உடனுக்குடன் வரும். ஆனால் சந்தா நின்றால் சாவியும் போயிற்று! படம் அவளுடையதுதான், அதைத் திருத்தும் கருவி அவளுடையதல்ல.

இன்னொன்று. வருஷ ஒப்பந்தத்தில் மாதத் தவணை கட்டுகிறவர்கள் நடுவில் விலகினால் கட்டணம் உண்டு. இதைத் தெளிவாகச் சொல்லாமல் மறைத்ததாகக் குற்றம் சாட்டி, 2024-ல் அமெரிக்க அரசு வழக்கே தொடுத்தது. ஆகவே, சேருமுன் நிபந்தனைகளைப் படிக்கச் சொல்லுங்கள். முடித்த படங்களுக்கு ஜேபெக், பிடிஎஃப் போன்ற பொது வடிவில் ஒரு பிரதி இருக்கட்டும். கிம்ப், கிரிட்டா போன்ற இலவச மென்பொருள்களையும் பழகி வைக்கட்டும்.

வாடகை வீட்டில் குடியிருப்பது ஒன்றும் தப்பில்லை. அதைச் சொந்த வீடென்று நினைத்துக்கொண்டு சுவரெல்லாம் ஆணி அடிப்பதுதான் தப்பு!