நத்தை எங்கிருந்து வந்தது?

"டீச்சர், இதைக் கொல்லணுமா, இருக்கட்டுமா?"

பழைய மாணவர்கள் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பும் கேள்விகளில் இப்போது இதுதான் அடிக்கடி வருகிறது. கூடவே ஒரு படம். நீல வெளிச்சம், ஒரு கல், கல்லின் மேல் நகத்தளவு ஒரு நத்தை. மந்தைவெளி, இந்திரா நகர், தி.நகர் என்று அங்கங்கே வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிற பிள்ளைகள் இவர்கள். பிள்ளைகள் என்று நான்தான் சொல்கிறேன், அவர்களுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வகுப்பையே பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப் போய்ச் சிப்பி பொறுக்க வைத்த டீச்சர் என்பதால், நத்தை என்றதும் என் ஞாபகம் வருகிறது போலிருக்கிறது.

யாரும் காசு கொடுத்து வாங்காத நத்தை இது. கடையில் வாங்கிய கல்லின் பொந்தில் ஒளிந்து வந்து, பத்து நாள் கழித்து ராத்திரியில் வெளியே தலை காட்டும். டிக்கெட் எடுக்காத பயணி. தொட்டிக்காரர்கள் இந்த விஷயத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சி தெரியாத எதையும் இடுக்கியால் எடுத்து நசுக்கிவிடும். இன்னொரு கட்சி, "பாவம், பாசியைத் தின்னுட்டுப் போகட்டும்" என்று விட்டுவிடும். இரண்டுமே கேள்வியைப் படிக்காமல் எழுதுகிற விடை. ஐந்து நிமிஷம் உற்றுப் பார்த்தால், பெரும்பாலான நத்தைகள் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை என்றாவது சொல்லிவிடலாம். அது தெரிந்தால், அது ஏறி வந்த கல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதும் பாதி தெரிந்துவிடும். அந்த இரண்டாவது விஷயத்தை யாரும் என்னிடம் கேட்பதில்லை. அதற்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் ஓட்டின் வாயைப் பாருங்கள். கார்த்திகை சோமவாரத்தில் கபாலி கோயிலில் சங்காபிஷேகம் பார்த்திருப்பீர்கள். சங்கின் கூரான மூக்கு வழியாகத்தானே தண்ணீர் வழிகிறது? உயிரோடு இருந்த காலத்தில் அந்த வாய்க்கால் வழியாகத்தான் உள்ளே இருந்த பிராணி ஒரு குழாயை நீட்டித் தண்ணீரை இழுத்து மோப்பம் பிடித்தது. நாம் பூஜை செய்கிற சங்கு, மணலுக்குள் புழு தேடித் தின்கிற வேட்டைக்காரன். ஆகவே ஓட்டின் வாயோரத்தில் இப்படி மூக்கோ வெட்டோ இருந்தால் பெரும்பாலும் மாமிசம் தின்னி. வெட்டில்லாமல் வட்டமாக இருந்தால் பெரும்பாலும் பாசி மேய்கிற சாது.

"பெரும்பாலும்" என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். ஊசி மாதிரி நீண்ட செரித் நத்தைக்கு வாயில் வெட்டு உண்டு. ஆனால் அது பாசியும் குப்பையும் தின்கிற நல்ல துப்புரவாளர். ஐவிரல் சங்குக்கும் மூக்கு உண்டு, அதுவும் பாசி மேய்வதுதான். மறுபக்கம், நிலா நத்தைக்கு வாய் வழவழவென்று வெட்டே இல்லாமல் இருக்கும். அது செய்கிற வேலையைப் பார்க்க எலியட்ஸ் கடற்கரைக்குப் போனால் போதும். ஒதுங்கிக் கிடக்கும் மட்டிச் சிப்பிகளில் சிலவற்றில் துரப்பணம் போட்ட மாதிரி, ஓரம் சரித்த வட்டத் துளை இருக்கும். பெண் குழந்தைகள் அதில் நூல் கோத்து மாலை கட்டுவார்கள். "கடையில ஓட்டை போட்டு வித்தாங்களா டீச்சர்?" என்று ஒரு சிறுமி கேட்டிருக்கிறாள். நிலா நத்தை ஓட்டைத் துளைத்து, உள்ளே இருந்த சதையைத் தின்றுவிட்டுப் போன அடையாளம் அது.

ஆக, வாய் ஒரு துப்பு. அடுத்த துப்பு, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. டார்ச்சில் சிவப்பு ஜிகினாத் தாளைச் சுற்றி, விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். சிவப்பு வெளிச்சத்துக்கு அவை அவ்வளவாக மிரளுவதில்லை. பச்சரிசி அளவில் வெள்ளை வெளேரென்று ஒன்று கண்ணாடியில் மட்டும் ஊர்ந்தால் பயம் வேண்டாம். அதுவே உங்கள் பெரிய நத்தையின் ஓட்டு விளிம்பிலோ, மட்டிச் சிப்பியின் ஓரத்திலோ நாலைந்தாக ஒட்டியிருந்தால், அது உறிஞ்சிக் குடிக்கிற ஒட்டுண்ணி, பிரமிடெல்லா என்பார்கள். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடலாம். பூ மாதிரி விரிகிற பட்டன் பாலிப்புகளுக்கு நடுவே, தட்டையாக, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சுழல் ஒன்று உட்கார்ந்திருந்தால் அது சூரியக்கடிகார நத்தை. பார்க்க அவ்வளவு அழகு, பாலிப்பைத் தின்பதே அதன் பிழைப்பு. வாய் வட்டமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

கல்லோடு சுண்ணாம்புக் குழாயாக ஒட்டிக்கொண்டு நகராமல் இருப்பதைப் பலர் புழு என்றே நினைக்கிறார்கள். அதுவும் நத்தைதான், வெர்மெட்டிட். சிலந்தி வலை மாதிரி சளி நூலை வீசி, அதில் ஒட்டுவதை இழுத்துத் தின்னும். அந்தச் சளி பட்ட பவளம் சரியாக வளராது. நல்லவர்களும் உண்டு: ஓட்டை ஒரு தொப்பி மாதிரி முதுகில் வைத்துக்கொண்டு வேகமாக ஓடுகிற ஸ்டோமடெல்லா, மிளகளவு உருண்டையான கொலோனிஸ்டா. இவை இரண்டும் பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும். கொன்றால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஒன்றே ஒன்றை மட்டும் கையால் தொடவே கூடாது. ஐஸ்கிரீம் கோனைக் கவிழ்த்த மாதிரி, வாய் நீளமான கீறலாக இருந்தால் அது கூம்பு நத்தை. ஈட்டி மாதிரி ஒரு பல்லில் விஷத்தை ஏற்றிக் குத்தும். கோனஸ் ஜியோகிராபஸ் என்ற இனம் குத்தி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். (இதே குடும்பத்தின் இன்னொரு இனத்தின் விஷத்தைப் பார்த்து உருவாக்கிய வலி மருந்துக்கு 2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஜிகோனோடைட் என்று பெயர்.) வீட்டில் சின்னக் குழந்தை இருந்து, கல்லில் இந்த வடிவம் கண்ணில் பட்டால், நீண்ட இடுக்கியால் எடுத்து மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். அதன் பிறகு எனக்குப் படம் அனுப்புங்கள்.

இனி கல்லுக்கு வருகிறேன்.

மேலே சொன்ன நல்லவர்கள் இருவரும், குறிப்பாகக் கொலோனிஸ்டா, தொட்டிக்குள்ளேயே குஞ்சு பொரித்துப் பெருகும். நண்பர் ஒருவர் தன் தொட்டியிலிருந்து கொடுத்த கல்லிலோ பாலிப்பிலோ அவை வந்திருக்கலாம். வெர்மெட்டிட்டும் அப்படித்தான். ஆனால் கூம்பு நத்தை, சோழி, முள் முளைத்த யானைமுள்ளி வகைகளில் பெரும்பாலானவற்றின் குஞ்சுகள் தண்ணீரில் மிதந்து திரிகிற பருவத்தைத் தாண்ட வேண்டும். வீட்டுத் தொட்டியின் பம்பிலும் வடிகட்டியிலும் அவை தப்புவது மிக மிக அரிது. ஆகவே கட்டைவிரல் பெரிசுக்கு ஒரு கூம்பு நத்தையோ சோழியோ உங்கள் கல்லிலிருந்து இறங்கி வந்தால், அந்தக் கல் அண்மைக்காலம் வரை கடலில் கிடந்த கல் என்று கிட்டத்தட்ட சத்தியம் பண்ணலாம். கடைக்காரர் "தொட்டியில் வளர்த்ததும்மா" என்று சொன்னாலும் சரி, "செயற்கைக் கல் சார்" என்று சொன்னாலும் சரி.

லைவ் ராக் என்று கடையில் சொல்கிறார்களே, அது என்ன? அநேகமாக, செத்த பவளத்தின் எலும்புக்கூடும் அதன் துளைகளில் குடியிருக்கிற உயிர்களும். கல்பவளங்கள் அத்தனையையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை. உயிரோடு இருந்தாலும் செத்துக் காய்ந்திருந்தாலும் நம் கடலிலிருந்து எடுத்து விற்பது குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. இந்தச் சட்டத்தின் பட்டியலில் சில நத்தைகளும் இருக்கின்றன. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லப்படும் ட்ரோகஸ் குடும்பத்தில், அந்தமானில் வாழும் பெரிய இனமும் அதில் ஒன்று.

"ஒரு கல்லுதானே டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். பையன் என்றால் நாற்பது வயது, வங்கியில் அதிகாரி. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள் உண்டு என்று நான்தான் அவனுக்கு வரைபடத்தில் காட்டினேன். 1986-இல் அதைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்த 21-இல் விலங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இப்போது தண்ணீருக்கு மேல் இல்லை. சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் சுற்றியிருந்த பவளப்பாறையை ஆண்டுக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்க எதுவும் இல்லாமல் தீவு கரைந்தது. அங்கேயும் யாரோ ஒருவர் படகில் ஏற்றியது ஒவ்வொரு கல்லாகத்தான். வீட்டுத் தொட்டிக்காரர்கள் அந்த அளவுக்கு எடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அரசாங்கம் தடுத்து நிறுத்திய ஒன்றுக்குப் புதிதாக ஒரு சந்தையை உண்டாக்குவதற்கு என்ன நியாயம் இருக்கிறது? கடலில் எடுப்பவருக்குக் கிடைப்பது கொஞ்சம், பிடிபட்டால் சிறைக்குப் போவதும் அவர்தான். நடு ஹாலில் நீல விளக்கு போட்டு அழகு பார்ப்பது நாம்.

கடல்நீர்த் தொட்டியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு குழந்தை முழங்காலிட்டு அரை மணி நேரம் ஒரு நத்தையைப் பார்க்கிறது என்றால், நான் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டியதைவிட அது பெரிய பாடம். பீங்கானிலும் சிமென்டிலும் வார்த்த கற்கள் கிடைக்கின்றன. அவற்றில் பாக்டீரியா குடியேறி நிலைக்க சில மாதங்கள் ஆகும், பொறுக்க வேண்டும். பொறுமை இல்லாதவர் கடல்நீர்த் தொட்டி வைக்கவே கூடாது என்பது என் கட்சி. வாங்கும்போது கல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், பில் கேளுங்கள். பில் என்றதும் முகம் மாறினால் திரும்பி வந்துவிடுங்கள்.

வேண்டாத நத்தையை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு. அடையாறு ஆற்றிலோ பெசன்ட் நகர் கடலிலோ விடுவது புண்ணியம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்தக் கல் எந்தக் கடலிலிருந்து வந்ததோ, நத்தையோடு என்ன நோய் வருகிறதோ யாருக்கும் தெரியாது. எண்ணூர்ப் பக்கம் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லித் தலையில் அடித்துக்கொள்கிறார்களே, அது அமெரிக்கக் கண்டத்துக் கடலோரத்து மட்டி. கப்பல்களோடு வந்ததாகக் கருதப்படுகிறது. கொசஸ்தலை ஆற்றின் அடிமணலைப் பாய் விரித்த மாதிரி மூடி, இறாலுக்கும் இடமில்லாமல் செய்துவிட்டது. அதை இயந்திரம் வைத்து அள்ள வேண்டியதாயிற்று. உங்கள் நத்தையை ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். தொட்டித் தண்ணீரை மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். நம் தெருக்களின் வடிகால் கால்வாய்க்கும் ஆற்றுக்கும்தான் போகிறது.

இன்னும் ஆர்வம் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லி, சென்னைக் கடற்கரையில் ஒதுங்கும் நத்தைகளைப் பற்றி மட்டும் தனியாக ஒரு நூல் எழுதினார். 1942-இல் அருங்காட்சியக வெளியீடாக வந்தது. அதே அருங்காட்சியகத்தின் எஸ்.டி. சத்தியமூர்த்தி, குருசடைத் தீவின் நத்தைகளைப் பற்றி 1952-இல் எழுதியிருக்கிறார். அறிவியல் பெயர்கள் பல மாறிவிட்டன, ஓடு மாறவில்லை. மன்னார் வளைகுடாவிலிருந்து எந்த நத்தை கல்லேறி வந்திருக்கும் என்று பார்க்க இரண்டாவது நூலைத்தான் நான் முதலில் புரட்டுவேன்.

படம் அனுப்புகிறவர்கள் நீல விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை வெளிச்சத்தில் எடுங்கள். முதுகு ஒன்று, வாய்ப்பக்கம் ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். எங்கே உட்கார்ந்திருந்தது, ராத்திரியா பகலா என்று ஒரு வரி எழுதுங்கள். கல்லை எப்போது வாங்கினீர்கள், விற்றவர் என்ன சொல்லி விற்றார் என்று இன்னொரு வரி.