கேம்ஸ் ரசிக்க விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா?

வீட்டிற்குப் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், ஓரிரு மாதங்களுக்குள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கேம்ஸ் நன்றாக இருக்க வேண்டும் என்றால் தனியாக கிராபிக்ஸ் கார்டு போட வேண்டுமாமே? கடையில் கம்ப்யூட்டர் விலையில் பாதியைக் கேட்கிறார்களே, வாங்கலாமா?"

பணம் கொடுக்கும் முன் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். திரையில் படம் எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்பது வேறு. அந்தப் படம் நம்மை அந்த இடத்திலேயே நிற்பது போல உணர வைக்கிறதா என்பது வேறு. முதலாவதை கார்டு தரும். இரண்டாவதை அந்த கேமை வடிவமைத்தவர்கள்தான் தர முடியும். இது என் கருத்து. இதற்கு நல்ல சாட்சி ஒரு பனிமூட்டம்.

பனி மறைத்த ஊர்

1999ல் கொனாமி நிறுவனம் சோனி பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட கேம் சைலன்ட் ஹில். காணாமல் போன மகளைத் தேடி ஒரு தந்தை, ஆள் அரவமற்ற ஊருக்குள் நடக்கிறார். பிளேஸ்டேஷனில் இருந்த ரேம் 2 எம்.பி.; படத்திற்கான வீடியோ மெமரி 1 எம்.பி. மட்டுமே. இன்று மொபைல் போனில் எடுக்கும் ஒரு போட்டோவே பெரும்பாலும் இதைவிடப் பெரியது. இவ்வளவு சிறிய வசதியில் ஒரு தெருவை முழுவதுமாக, தொலைவில் உள்ள கட்டடங்களுடன் வரைந்து காட்ட முடியாது. எனவே ஊரையே பனியில் மூழ்கடித்தார்கள். சில அடி தூரத்திற்கு அப்பால் எதுவும் தெரியாது. மெஷினும் அதை வரைய வேண்டியதில்லை.

அத்துடன் நிற்கவில்லை. கதாநாயகன் கையில் ஒரு சிறிய ரேடியோ. கொடிய உருவம் ஏதேனும் நெருங்கினால் அது கரகரவென ஒலிக்கும். ஒலி கேட்கிறது, ஆனால் பனியில் எதுவும் தெரியவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? அந்த சில விநாடிகள்தான் அந்த கேமின் உயிர். மெஷினின் பலவீனத்தையே பயமாக மாற்றிவிட்டார்கள்.

இதன் இரண்டாம் பாகம் 2001ல், அதிகத் திறன் கொண்ட பிளேஸ்டேஷன் 2ல் வந்தது. அங்கும் பனியை விடவில்லை. பின்னர் 2012ல், கூடுதல் ரெசல்யூஷனுடன் எச்.டி. தொகுப்பாக மீண்டும் வெளியிட்டபோதுதான் சிக்கல் வந்தது. படம் கூர்மையானது, ஆனால் பனி மெலிந்துவிட்டது. மறைந்திருக்க வேண்டியவை வெளியே தெரிந்தன. ஏரியில் படகில் செல்லும் காட்சியில், வரையப்பட்ட தண்ணீர் முடியும் விளிம்பே கண்ணில் பட்டது. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். தெளிவு கூடியது, ஊர் தொலைந்தது என்பதுதான் அவர்கள் புகாரின் சாரம்.

இரண்டாம் பாகம் 2024ல் புதிதாகவே உருவாக்கப்பட்டு வந்தது. இன்றைய கம்ப்யூட்டர்களால் முழு ஊரையும் பளிச்சென்று காட்ட முடியும். ஆனாலும் பனியை மீண்டும் கொண்டுவந்து வைத்தார்கள். 1999ல் வழியில்லாமல் வந்த பனி, 2024ல் வேண்டுமென்றே வந்தது.

டார்ச்சா, துப்பாக்கியா?

ஐடி சாப்ட்வேர் உருவாக்கி 2004ல் வெளிவந்த டூம் 3 கேமையும் சொல்ல வேண்டும். செவ்வாய் கிரகத்தில் உள்ள ஆய்வுக் கூடத்தில் கதை நடக்கிறது. எங்கும் இருட்டு. கையில் டார்ச் லைட் பிடித்தால் துப்பாக்கி பிடிக்க முடியாது. துப்பாக்கி எடுத்தால் வெளிச்சம் இல்லை. பலர் எரிச்சலடைந்தனர். சிறிது காலத்திலேயே, துப்பாக்கியில் டார்ச்சை டேப் போட்டு ஒட்டியது போன்ற ஒரு மாற்றத்தை ரசிகர்களே தயாரித்து விநியோகித்தனர். 2012ல் வந்த மறுபதிப்பில் டார்ச் கவச உடையுடன் இணைக்கப்பட்டுவிட்டது. வசதி கூடியது உண்மை. ஆனால் பார்ப்பதா, சுடுவதா என்ற தவிப்பு போய்விட்டது. தவிப்பு போனபின் இருட்டுக்கு என்ன வேலை?

கார்ட்டூன் கடல்

பயமுறுத்தும் கேம்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும் என எண்ண வேண்டாம். நின்டெண்டோ நிறுவனம் 2000ல், செல்டா வரிசைக் கதாபாத்திரங்களை நிஜம் போன்ற தோற்றத்தில் ஒரு கண்காட்சியில் காட்டியது. 2002ல் ஜப்பானில் வெளிவந்த விண்ட் வேக்கர் கேமோ கார்ட்டூன் படம் போல இருந்தது. சிறுபிள்ளை விளையாட்டு என்று அப்போது பலர் முகம் சுளித்தனர். ஆனால் அதில் காற்று, வெள்ளைக் கோடுகளாகச் சுழன்று திரையில் ஓடும். பாய்மரப் படகில் செல்லும்போது கடல் காற்று நம் முகத்தில் படுவது போலவே இருக்கும். நிஜம் போலத் தெரிவதற்காகவே உருவாக்கப்பட்ட அக்கால கேம்கள் பல, இன்று பழையதாகத் தெரிகின்றன. விண்ட் வேக்கர் அப்படித் தெரிவதில்லை.

கார்டு வீண் என்று சொல்லவில்லை

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டூம் 3ல் ஒவ்வொரு விளக்கு அசையும்போதும் நிழலும் சேர்ந்து அசையும். அந்த நிழல்களை வரைய அக்காலத்தில் நல்ல கார்டு தேவைப்பட்டது. 2024ன் பனியும் இன்றைய கார்டுகளின் உழைப்புதான். படம் விட்டு விட்டு ஓடினாலும் ஈடுபாடு போய்விடும். கதாநாயகன் கதவைத் திறக்கும் நேரத்தில் திரை உறைந்து நின்றால், பயம் போய்ச் சிரிப்புதான் வரும். எனவே உங்களுக்குப் பிடித்த கேம் உங்கள் கம்ப்யூட்டரில் சீராக ஓடவில்லை என்றால், கார்டு வாங்குவதில் நியாயம் இருக்கிறது. கடைக்காரர் காட்டும் டெமோ பளபளக்கிறது என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள்.

வாங்கும் முன் செய்து பாருங்கள்

முதலில், மானிட்டர் பிரைட்னஸை அளவோடு வைக்கவும். இருட்டாக இருக்கிறது என்று உச்சத்திற்கு ஏற்றினால், கறுப்பு சாம்பல் நிறமாகிவிடும். பயமுறுத்தும் கேம்கள் பலவற்றில், தொடக்கத்தில் ஒரு படத்தைக் காட்டி, அது மங்கலாகத் தெரியும் அளவிற்கு வெளிச்சத்தைச் சரி செய்யச் சொல்வார்கள். பலரும் படிக்காமல் தாண்டிவிடும் இந்தத் திரையை நிதானமாகப் படித்துச் சரி செய்யவும்.

அடுத்து, அறையின் டியூப் லைட்டை அணைத்து, ஹெட்போன் மாட்டி ஒருமுறை விளையாடிப் பாருங்கள். சைலன்ட் ஹில்லின் ரேடியோவை நினைத்துக் கொள்ளுங்கள். உணர்வில் பாதி காது வழியாகத்தான் வருகிறது.

கேம் மெதுவாக ஓடினால், செட்டிங்ஸ் பகுதியில் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குறைக்க வேண்டாம். ரெசல்யூஷனை ஒரு படி குறைக்கவும். நிழலை அல்ட்ராவிலிருந்து மீடியத்திற்கு மாற்றவும். பெரும்பாலான கேம்களில் இதிலேயே வேகம் கூடும். வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் நிழலையும் பனியையும் அடியோடு நிறுத்திவிட வேண்டாம். கேமின் சூழல் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது.

இவ்வளவும் செய்தபின் ஒரு வாரம் விளையாடுங்கள். அதன் பிறகும் கார்டு தேவை என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள். தோன்றாவிட்டால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஹெட்போனும் நாலைந்து கேம்களும் வாங்கலாம். மீதமும் இருக்கும்.